பொய்த் தரை

இடாலினாவின் நோட்டில் மூன்றாவது பத்தி
பெரும்பாலும் சுழியம்.
முதல் பத்தி தேதி, இரண்டாவது மீனின் நீளம்,
மூன்றாவது, வயிற்றில் என்ன இருந்தது.
ஃபுன்ஷால் ஆய்வகம் கேட்டுக்கொண்ட வேலை;
கூலி கிடையாது, நோட்டு இலவசம்.

சுழியம். சுழியம். சுழியம்.

பட்டினி கிடந்த மீன்கள் அல்ல இவை.
ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து தூண்டில் இழுக்கையில்
அழுத்தம் குறையக் குறைய
உண்டதை வழியெல்லாம் கக்கிவிட்டுத்தான்
காமரா டி லோபோஸ் துறைக்கு வருகின்றன கருவாளைகள்,
காலிப் பையும்
அகல் போன்ற கண்ணுமாக.
மதியத்துக்குள் வாழைப்பழத்தோடு வறுபட்டு
சுற்றுலாக்காரர் தட்டில் கிடக்கும்.

கீழே அது கறுப்பே இல்லை என்கிறான் கொழுந்தன் செஃபெரினோ.
செம்பு நிறமாம்.
ஏறி வரும்போதுதான் தோல் உரசிக் கறுக்கிறதாம்.
பார்த்தாயா என்றால் இல்லை.
முப்பது வருடமாய் ஆயிரங்கால் தூண்டிலில்
கணவாய்த் துண்டு கோத்துக் கீழே கேள்வி அனுப்புகிறான்.
பதில் எப்போதும் கறுப்பாகத்தான் வருகிறது.

அங்கே முழு இருட்டும் இல்லை.
இருநூறு மீட்டருக்குக் கீழே
நண்பகலிலும் எற்பாடு.
வற்றாமல் வடியாமல் ஒரு மங்கல் நீலம்.
அதற்குள் எல்லோரும் அண்ணாந்தே வாழ்கிறார்கள்:
தலைக்கு மேல் ஒரு நிழல் நகர்ந்தால்
அதுதான் சோறு.
ஆகவே சுண்டுவிரல் நீள விளக்குமீன்
வயிற்றில் வரிசையாய் விளக்கேற்றி
மேலிருந்து வரும் நீலம் எவ்வளவோ அவ்வளவே
கூட்டியும் குறைத்தும்
தன் நிழலைத் தானே அழிக்கிறது.
ஒளி என்ற ஒரே சொல்லில்
வெளிச்சத்தையும் பதுங்கலையும் வைத்தவர்கள்
எந்தக் கடலைக் கண்டு வைத்தார்களோ.

பொழுது சாய்ந்ததும்
சாந்தா கித்தேரியா படகின் எக்கோ சவுண்டரில்
தரை எழும்பும்.
வரைபடம் இரண்டாயிரம் என்கிற இடத்தில்
நானூறில் தடித்த ஒரு கோடு.
முந்நூறு. இருநூறு. நூற்றைம்பது.
புதிதாய்ச் சேர்ந்த டெல்மோ முதல் இரவில்
தரை தட்டப்போகிறோம் என்று அலறினான்.
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரும் ஒருமுறை அலறியவர்கள்.

தரையில்லை அது, கூட்டம்.
மீன், இறால், கணவாய், நூலாய் நீளும் சொறி,
குட்டிக் காற்றுப்பைகள் கோடிக்கணக்கில்
ஒலியைத் திருப்பியடிக்கின்றன.
இரவு முழுக்க மேலே மேய்ந்து
விடிவதற்குள் இறங்கி
பகலில் விளைந்ததைப் பாதாளத்தில் கழிக்கின்றன.
நாம் வானத்தில் விட்ட புகையிலும் கொஞ்சம்
அந்தக் கழிவோடு இறங்குகிறது.
உலகத்திலேயே பெரிய இடப்பெயர்ச்சி,
தினமும், படகுக்கு அடியில்,
சத்தமே இல்லாமல்.

பிப்ரவரியில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள்.
வடக்கிலிருந்து வந்த நிறுவனத்து ஆள், நல்ல சட்டை.
விளக்குமீனை மனிதர் தின்னமாட்டார்,
அரைத்துப் போட்டால் பண்ணை சால்மன் தின்னும் என்றார்.
எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள்.
நூறு கோடி டன் இருக்கலாம்,
ஆயிரம் கோடியும் இருக்கலாம்.

இடாலினா எழுந்தாள்.
"என் மேசையில்
ஒரு கிலோவா பத்து கிலோவா தெரியாமல்
நான் கத்தி வைப்பதில்லை."
உட்கார்ந்துவிட்டாள்.
குறிப்பெடுத்தவர் அதை எழுதினாரா தெரியாது.

மார்ச் பதினான்கு. நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
எப்படியோ வயிறு புரளாமல் வந்த ஒன்று.
கீறினாள்.
உள்ளே செரிக்காமல், முழுசாக, ஒரு விளக்குமீன்.
வயிற்றோரம் சட்டைப் பொத்தான்போல் புள்ளிகள்;
எண்ணினாள், இரண்டு முறை, இரண்டு கணக்கு.
பிறகு என்ன தோன்றியதோ,
வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி
ட்யூப்லைட்டுக்கு நேராகக் காட்டி
கீழிருந்து பார்த்தாள்,
கருவாளை பார்த்திருக்கக்கூடிய மாதிரி.

விளக்குகள் அணைந்திருந்தன.
நிழல் தெரிந்தது.

மூன்றாவது பத்தியில் 1 என்று எழுதினாள்.
பனிக்கட்டியை ஒதுக்கி அடுத்ததை எடுத்தாள்.
சுழியம்.